அரபு நாட்டுப் படங்கள்: யார் காட்டுவது, யாருக்குக் காட்டுவது?

(காளஹஸ்தியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அரபு சினிமாவும் கலாச்சாரப் பரிமாற்றமும்" என்று என் பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காளஹஸ்தியில் உட்கார்ந்துகொண்டு அரபு சினிமா என்ன வேண்டிக்கிடக்கிறது, ரேஷன் கார்டைப் பற்றிப் பேசினாலாவது பிரயோசனம் உண்டு என்று யாராவது நினைத்தால் அது நியாயம்தான். ரேஷன் கார்டைப் பற்றிச் செயலாளர் பேச இருக்கிறார். எனக்குக் கொடுத்த நேரத்தில் நான் இதைப் பேசிவிடுகிறேன்.

இங்கே உள்ள குடும்பங்களில் எத்தனை வீட்டுக்குக் குவைத்திலிருந்தோ சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ போன் வருகிறது? கை தூக்கச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த ராயலசீமையில் கடப்பை, ராஜம்பேட்டை, ராயசோட்டிப் பக்கமெல்லாம் ஊருக்கு ஊர் குவைத்துக்கு ஆள் போயிருக்கிறது. ஆண்கள் டிரைவராக, மேஸ்திரியாக, ஆடு ஒட்டகம் மேய்ப்பவராக. பெண்கள் வீட்டு வேலைக்கு. பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்த நம் தமிழ்க் குடும்பங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. அப்பன் செங்கல் சூளைக்கு வந்தான், மகன் பாலைவனத்துக்குப் போனான். நம் அடுப்பு எரிவதில் பாதி அந்த மண்ணின் காசு.

ஆனால் அந்த மண்ணின் மனிதனைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நம் சினிமா காட்டிய அரபியைத் தெரியும். வெள்ளை அங்கி, கறுப்புக் கண்ணாடி, தங்க வாட்ச், பக்கத்தில் ஆடும் பெண். இல்லையென்றால் கையில் துப்பாக்கி. இந்தப் பொம்மையை நாம் செய்யவில்லை, ஹாலிவுட்டிலிருந்து இறக்குமதி செய்தோம். ஜாக் ஷாஹீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஹாலிவுட் படங்களைப் பார்த்து, அவற்றில் அரபியர் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று 2001ல் ஒரு புத்தகம் எழுதினார். நல்லவனாக, சாதாரண மனிதனாக வரும் அரபியை அவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நம் ஆட்களும் அதே அச்சில் வார்க்கிறார்கள். 2022ல் 'பீஸ்ட்' என்ற தமிழ்ப் படத்தைக் குவைத்திலும் கத்தாரிலும் தடை செய்தார்கள். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அவனைப் பற்றி நாம் எடுக்கும் படத்தை அவன் பார்க்கிறான், அவன் எடுக்கும் படத்தை நாம் பார்ப்பதில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் இங்கே வெளியாகும் நாளிலேயே வளைகுடாவில் வெளியாகின்றன, நம் பிள்ளைகள் அங்கே இருப்பதால். அங்கிருந்து ஒரு படமாவது காளஹஸ்திக் கொட்டகைக்கு வந்ததுண்டா?

அந்நியச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த ஊருக்குப் பெருமை தேடித் தந்தவை இரண்டு. ஒன்று வாயுலிங்கக் கோயில், இன்னொன்று கலம்காரித் துணி. மசூலிப்பட்டினத்துக் கலம்காரி அச்சுக்கட்டையால் அடிப்பது. நம் ஊர்க் கலம்காரி மூங்கில் குச்சிப் பேனாவால் எழுதுவது. 'கலம்' என்ற அந்தச் சொல் அரபிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. கண்ணப்பர் கதையையும் ராமாயணத்தையும் துணியில் எழுதுகிற பேனாவுக்கு இங்கே அரபுப் பேர்தான். வசூல், பாக்கி, வக்கீல், கைதி, ரத்து, ஆஜர் எல்லாம் அங்கிருந்து வந்தவையே. கடன்காரன் வாசலில் நின்று போடும் சத்தத்தில் பாதி அரபு!

சினிமாவிலும் ஒரு காலத்தில் போக்குவரத்து இருந்தது. 1960ல் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா நடந்தது. அங்கே 'வீரபாண்டிய கட்டபொம்மன்' காட்டப்பட்டு, சிறந்த நடிகர் பரிசு சிவாஜி கணேசனுக்கும் சிறந்த இசையமைப்பாளர் பரிசு ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தன. எகிப்து அதிபர் நாசர் சென்னைக்கு வந்தபோது சிவாஜி அவருக்கு விருந்து கொடுத்தார். வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மறுத்தவனின் கதை, சூயஸ் கால்வாயை 1956ல் நாட்டுடைமையாக்கி வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற நாட்டில் போய் நின்றது. மொழி புரியாமலே அந்த மக்களுக்கு அந்தக் கதை புரிந்திருக்கும். கலாச்சாரப் பரிமாற்றம் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது அந்தப் பேரில் நடப்பது பெரும்பாலும் தூதரகங்களின் வேலை. குளிரூட்டிய அரங்கு, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் இடம், படத்துக்கு முன்னால் இரண்டு அதிகாரிகளின் சொற்பொழிவு, பின்னால் தேநீர். துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்திய பொம்மை மாதிரி, ஒவ்வொரு அரசும் தனக்கு அழகாகத் தெரிவதை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. நம் அரசும் அப்படித்தான், அதில் அரபு நாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. சவூதியில் 1980களிலிருந்து சுமார் 35 ஆண்டுகள் சினிமாக் கொட்டகையே கிடையாது. 2018 ஏப்ரலில்தான் திறந்தார்கள். 2021ல் ஜித்தாவில் பெரிய சர்வதேசத் திரைப்பட விழாவே தொடங்கிவிட்டார்கள். அந்த நாட்டில் இன்று நல்ல படம் எடுக்கும் பிள்ளைகள், பெண் இயக்குநர்கள் உட்பட, இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் விழாவுக்குக் காசு கொடுப்பவன் எந்தப் படத்துக்குக் காசு கொடுக்க மாட்டான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிலாளியைப் பற்றிய படம் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

அப்படிப்பட்ட படங்கள் அரபியில் உண்டா என்றால், ஏராளம் உண்டு. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

யூசுப் ஷாஹீன் என்ற எகிப்திய இயக்குநர் 1958ல் 'பாப் எல் ஹதீத்' என்று ஒரு படம் எடுத்தார். கெய்ரோ ரயில் நிலையம்தான் முழுப் படமும். மூட்டை தூக்குகிறவர்கள், குளிர்பானம் விற்கும் பெண்கள், பத்திரிகை விற்கும் ஒரு நொண்டி மனிதன். அந்த நொண்டியாக நடித்தவர் இயக்குநரே. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் சங்கம் கட்டப் பார்க்கிறான், பழைய மேஸ்திரி விட மறுக்கிறான். ரேணிகுண்டா ஜங்ஷனில் ஒரு ராத்திரி படுத்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் படத்தில் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. அதே ஷாஹீனின் 'நிலம்' என்ற படம் 1970ல் கான் விழாவுக்குப் போனது. கிராமத்துக்குப் பத்து நாள் விட்டுக்கொண்டிருந்த பாசனத் தண்ணீரை ஐந்து நாளாகக் குறைக்கிறார்கள். அதோடு பண்ணையாரின் மாளிகைக்குச் சாலை போட விவசாயிகளின் நிலத்தையும் எடுக்கிறார்கள். கண்டலேறுவிலிருந்து பூண்டிக்குப் போகும் கால்வாயைப் பார்த்துக்கொண்டே வறண்ட வயலில் நின்றவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்ட எனக்கு ஆசை.

குவைத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த குவைத்து எண்ணெய்க் குவைத்து. 1972ல் காலித் அல் சித்தீக் என்பவர் எடுத்த 'பஸ் யா பஹர்', அதாவது 'போதும், கடலே' என்ற படம் எண்ணெய்க்கு முந்திய குவைத்தைக் காட்டுகிறது. அந்த நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் அது, கறுப்பு வெள்ளை. சித்தீக் சிறுவயதில் இந்தியாவில் படித்தவர். கதை முத்துக்குளிப்பவர்களைப் பற்றியது. முத்துக்குளித்து உடம்பு ஊனமாகிப்போன அப்பன், மகனைக் கடலுக்கு விட மறுக்கிறான். காதலித்த பெண்ணைக் கட்டிக்கொள்ளக் காசு வேண்டும் என்று மகன் போகிறான். திரும்புவது அவன் உடல்.

அந்தத் தொழிலில் கப்பல் தலைவன் பருவம் தொடங்குமுன் ஆளுக்கு முன்பணம் கொடுப்பான். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் முத்துக்குளித்தவன் எப்போதும் பாக்கிக்காரன்தான். அவன் செத்தால் கடன் மகன் தலையில் ஏறும். நம் சூளைகளில் அட்வான்ஸ் என்று சொல்கிறோமே, அதே கணக்கு, அதே நோட்டு. அந்த முத்தெல்லாம் போய் விற்றது எங்கே? பம்பாயில். 1961ல் சொந்தத் தினார் வரும்வரை குவைத்துக் கடைத்தெருவில் ஓடியது நம் ரூபாய். 1930களில் ஜப்பான் வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழிலை அடித்து வீழ்த்தியது, எண்ணெய் வந்து மீட்டது. இன்று நம் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டும் முதலாளியின் தாத்தா, முன்பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கடலில் குதித்தவனாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் அந்த முதலாளி நல்லவனாகிவிட மாட்டான். ஆனால் 'அரபியே அப்படித்தான்' என்று ஒரு ஜாதியாக வைத்துப் பேசும் பேச்சு நின்றுபோகும். அங்கும் உழைத்தவன் இருந்தான், அவனையும் நோட்டுக் கணக்கு தின்றது.

இனி நான் முக்கியமாகக் கருதும் படம். 'அல் மக்தூஊன்', 'ஏமாற்றப்பட்டவர்கள்' என்று சொல்லலாம். 1972ல் சிரியா அரசின் திரைப்பட நிறுவனத்துக்காக எகிப்தியரான தவ்பீக் சாலிஹ் எடுத்தது. மூலக்கதை பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனபானி 1963ல் வெளியிட்ட குறுநாவல். அவர் தாமே அகதி. குவைத்தில் போய் ஆசிரியர் வேலை பார்த்தவர். படம் வந்த அதே 1972ல், ஜூலை 8ம் தேதி, பெய்ரூட்டில் அவருடைய காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். கூட இருந்த அவருடைய அக்காள் மகளும் செத்தாள்.

கதை மூன்று பாலஸ்தீனியரைப் பற்றியது. ஒருவர் நிலம் இழந்த வயதான விவசாயி. இரண்டாமவன் வாலிபன். மூன்றாமவன் பதினாறு வயதுப் பையன்; குவைத்தில் இருக்கும் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான், அதனால் இவன் படிப்பை விட்டுக் கிளம்புகிறான். இப்படிப்பட்ட பையன் இல்லாத தெரு நம்மிடம் உண்டா? மூவரும் பாஸ்ராவுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து குவைத்துக்குக் கள்ளத்தனமாகக் கொண்டுபோக ஒரு தண்ணீர் லாரி டிரைவர் ஒத்துக்கொள்கிறான். அவனும் பாலஸ்தீனியன்தான். ஆகஸ்டு மாத வெயில். சோதனைச் சாவடி வரும்போது மட்டும் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மூடிக்கொள்ள வேண்டும், சில நிமிஷம்தான் என்கிறான். முதல் சாவடியில் பிழைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதில் அதிகாரிகள் வேலையற்றுப்போய், பாஸ்ராவில் உனக்கு ஒரு ஆட்டக்காரி இருக்கிறாளாமே என்று டிரைவரைக் கேலி பேசிக் கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறார்கள். அவன் ஓடிவந்து தொட்டியைத் திறக்கும்போது மூவரும் பிணம்.

நாவலில் அவர்கள் சத்தமே இல்லாமல் சாகிறார்கள். ஏன் தொட்டிச் சுவரைத் தட்டவில்லை என்று டிரைவர் பாலைவனத்தைப் பார்த்துக் கதறுவதோடு கதை முடிகிறது. இயக்குநர் சாலிஹ் இந்த இடத்தை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள், இரும்பு அதிர அதிரத் தட்டுகிறார்கள். வெளியே அதிகாரிகளின் அறையில் குளிர்சாதன இயந்திரங்களின் இரைச்சல். யார் காதிலும் விழவில்லை. நாவல் 1963ல் வந்தது, படம் 1972ல். இடையில் அந்த மக்கள் எழுந்து போராடத் தொடங்கிவிட்டார்கள். இனிமேல் அவர்கள் தட்டவில்லை என்று சொல்ல முடியாது என்று சாலிஹ் நினைத்திருக்க வேண்டும். இரண்டில் எது சரி என்று சினிமா தெரிந்தவர்கள் இன்றும் வாதம் செய்வார்கள். நான் படத்தின் பக்கம். உழைக்கிறவன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்வதில் பாதி பொய் இருக்கிறது. அவன் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

இந்தப் படம் 1972ல் துனீசியாவின் கார்தேஜ் விழாவில் தங்கப் பரிசு பெற்றது. ஆனாலும் சில அரபு அரசுகள் தங்கள் நாட்டில் காட்ட விடவில்லை. தொட்டியை ஓட்டியவன், எல்லையைக் காத்தவன் எல்லோரும் அதில் அரபியராக இருக்கிறார்கள் அல்லவா? எந்தத் தூதரகமும் இதைப் பெட்டியில் வைத்து அனுப்பாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைப் பார்க்கும் காளஹஸ்தித் தமிழனுக்குக் குவைத்து மட்டுமா நினைவுக்கு வரும்? 2015 ஏப்ரல் 7ம் தேதி, திருப்பதியை அடுத்த சந்திரகிரிப் பக்கம், சேஷாசல மலையில் 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுப் போட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மலைக் கிராமங்கள் போன்ற இடங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். செம்மரம் கடத்தினார்கள், தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அவர்களைக் கூட்டி வந்த ஏஜெண்டு யார், மரத்தை வாங்கும் பெரிய கை யார் என்பது தொட்டிக்கு வெளியே இருக்கும் இரைச்சலில் அமுங்கிவிட்டது. அதே செம்மரத்தை வைத்து 2021ல் 'புஷ்பா' என்று படம் வந்தது, உலகமெல்லாம் ஓடியது. கூலியாக இருந்தவன் கடத்தல் ராஜாவாகும் கதை. நானும் பார்த்தேன், ரசித்தேன். ஆனால் மரத்தை வெட்டித் தோளில் சுமக்கும் நம் ஆள் அதில் ஒரு கும்பல்; அவனுக்கு ஊர் கிடையாது, வீட்டில் காத்திருக்கும் பெண்சாதி கிடையாது. கனபானியும் சாலிஹும் அந்த மூன்று பேருக்கு ஆளுக்கொரு ஊரும் வீடும் கொடுத்தார்கள். ஒருவன் சாகும்போது அவன் வீடு நமக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பெண்களுக்காக இன்னொரு படம் உண்டு. லெபனானின் நாடீன் லபாக்கி எடுத்த 'கபர்நாவும்', 2018ல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதில் ராஹில் என்று ஒரு எத்தியோப்பியப் பெண், வீட்டு வேலைக்கு வந்து முதலாளியை விட்டு வெளியேறியவள், காகிதம் காலாவதியானவள். கைக்குழந்தையை வேலை செய்யும் இடத்தில் ஒளித்து வைத்துப் பால் கொடுக்கிறாள். கபாலா என்கிற முறையை, முதலாளி கையெழுத்து இல்லாமல் ஆள் நகரமுடியாத அந்த முறையை, பத்து நோட்டீஸில் விளக்குவதைவிட அந்தக் குழந்தையின் முகம் நன்றாக விளக்கிவிடும். எடுத்தவர் அரபுப் பெண் என்பதைக் கவனியுங்கள். நம் கஷ்டத்தைப் பற்றிப் பேச அந்தப் பக்கத்திலும் ஆள் உண்டு. 2024 ஜூனில் குவைத்து மங்காப் தீ விபத்தில் இறந்த 45 இந்தியர்களின் உடல்கள் விமானத்தில் கொச்சிக்கு வந்தன. 7 பேர் தமிழ்நாடு, 3 பேர் ஆந்திரம். நமக்கு அங்கே நண்பர்கள் வேண்டும் தோழர்களே, வெறும் முதலாளிகள் போதாது.

சரி, இதையெல்லாம் யார் காட்டுவது? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் சர்வதேச விழா 1996ல் தொடங்கியது. ஆட்டோ ஓட்டுகிறவர் முதல் மாணவர் வரை வரிசையில் நின்று பார்க்கிறார்கள். 2016ல் அங்கே முதல் பரிசு வாங்கியது எகிப்தின் 'கிளாஷ்'. 2017ல் பாலஸ்தீனப் பெண் இயக்குநர் அன்மரி ஜாசிரின் 'வாஜிப்'. அதே விழாவில் 2025 டிசம்பரில் 19 படங்களுக்கு ஒன்றிய அரசு முதலில் அனுமதி தரவில்லை. பிறகு சிலவற்றுக்குக் கொடுத்தது. அந்த 19ல் பரிசு வாங்கிய இந்த இரண்டும் இருந்தன! எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் காட்டிப் பரிசும் கொடுத்த படம் திடீரென்று ஆபத்தான படமாகிவிட்டது. பரிமாற்றத்தை அரசாங்கத்தின் கையில் மட்டும் விட்டால் கதவு இப்படித்தான் திறந்து மூடும்.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை, விழா நமக்கு எட்டாது என்கிறேன். 1984ல் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் ஒடேசா என்று ஒரு குழு வைத்தார்கள். தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தாரே, அதே ஜான். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படம் காட்டி, மக்களிடம் காசு வசூலித்து, 1986ல் சொந்தப் படமே எடுத்துவிட்டார்கள். நமக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். வெள்ளை வேட்டி, ஒரு புரொஜெக்டர், ஒலிபெருக்கி போதும். படத்தின் உரிமைக்காரரிடம் எழுதிக் கேட்க வேண்டும், சான்றிதழ் விஷயம் வக்கீலிடம் விசாரிக்க வேண்டும். அதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் படம் எது என்றால், 'ஏமாற்றப்பட்டவர்கள்' அல்ல. முதல் நாளே அதைக் காட்டினால் இரண்டாம் நாள் யாரும் வரமாட்டார்கள். 'வாஜிப்' காட்டுவோம். நாசரேத் ஊரில் ஒரு அப்பா, இத்தாலியிலிருந்து வந்த மகன், காரில் வீடு வீடாகப் போய் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள். நேரில் வந்து வைக்காவிட்டால் உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஊரில் எல்லாம் குறையாகத் தெரிகிறது; ஊரிலேயே கிடக்கும் அப்பா தினம் எவனுக்குப் பணிந்து பிழைக்கிறார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவாகவும் மகனாகவும் நடித்த முகமது பக்ரியும் சாலிஹ் பக்ரியும் நிஜத்திலும் அப்பா பிள்ளை. கல்யாண வீட்டுக் கதை, சிரிக்கவும் இடம் உண்டு, பாட்டிமார் வரைக்கும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு முத்துக்குளிக்கும் படம், பிறகு தொட்டி.

அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க முடியாதே என்று நேற்று ஒரு அக்கா கேட்டார். ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழிலும் தெலுங்கிலும் கதை சொல்வார். அதே ஏற்பாட்டைச் செய்வோம். அதற்கு இங்கிலீஷ் படித்த பையன்களைத் தேட வேண்டியதில்லை. குவைத்தில் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் பிறத்தியார் சமையலறையில் நின்று அரபு பேசக் கற்றுக்கொண்டு வந்த பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பாலஸ்தீனப் பேச்சு குவைத்துப் பேச்சிலிருந்து கொஞ்சம் மாறும், ஆனால் படத்தை முன்கூட்டி இரண்டு தடவை போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அந்த அக்காமார்தான் மைக்குக்கு முன்னால் உட்கார வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே செயலாளரிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.